உயிரிப் பாதுகாப்புக் குழு: கையெழுத்துக்கு முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கற்பிக்கிறேன். சென்ற மாதம், மரபணு மாற்ற ஆய்வுகளைப் பார்த்து அனுமதி தரும் எங்கள் உயிரிப் பாதுகாப்புக் குழுவில் என்னை உறுப்பினராகப் போட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு கூட்டம். இருபது திட்டங்கள், ஒன்றரை மணி நேரம், டீ, பிஸ்கட், கையெழுத்து. கேட்டால் 'எல்லாம் ஈ.கோலைதானே சார்' என்கிறார்கள். ஆய்வகத்துக்குள் யாரும் போவதில்லை. போனால் நான் எதைப் பார்க்க வேண்டும்? திருப்தி இல்லாவிட்டால் கையெழுத்துப் போட மறுக்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

'ஈ.கோலைதானே' என்பது பாதி சரி. ஆய்வகத்தில் வளர்க்கும் டிஹெச்5ஆல்ஃபா போன்ற கே-12 வகை ஈ.கோலை பாக்டீரியாக்கள், ஆபத்து மிகக் குறைந்த முதல் இடர்ப்பிரிவைச் சேர்ந்தவை, ஆரோக்கியமான ஆளை அவை ஒன்றும் செய்யாது. ஆனால் உங்கள் மேசைக்கு வரும் விண்ணப்பம் முதல் வருடத்துத் திட்டம். இரண்டாம் வருடம் மாணவர் மருத்துவமனையிலிருந்து க்ளெப்சியெல்லா என்னும் நோய்க்கிருமியை வாங்கி வருவார். அது இரண்டாம் பிரிவு. மரபணு மாற்றம் ஏதும் செய்யவில்லையே என்று நினைப்பதால், அதைக் குழுவிடம் சொல்ல அவருக்குத் தோன்றாது. அதனால் நடப்புத் திட்டங்களைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது, இன்றைய தேதியில் ஃப்ரீசரில் என்ன இருக்கிறது என்பதைத்தான். பட்டியலை வாங்குங்கள். பிறகு ஃப்ரீசரைத் திறக்கச் சொல்லுங்கள். பெயரெழுதாத குப்பிகள் எத்தனை என்று பார்த்தாலே அந்த ஆய்வகத்தின் லட்சணம் தெரிந்துவிடும்.

அடுத்து கேபினெட். விண்ணப்பத்தில் 'லேமினார் ஃப்ளோ உள்ளது' என்று எழுதியிருப்பார்கள். அது வடிகட்டிய காற்றை வேலை செய்பவரின் முகத்தை நோக்கித் தள்ளும் மேசை. திசு வளர்ப்புக்கு ஏற்றது. கிருமி வேலைக்குக் கூடாது. காப்பாற்றுவது செடியை மட்டும்தான், ஆளை அல்ல. இரண்டாம் பிரிவுக் கிருமியில் தெறிப்போ நுண்துளியோ உண்டாக்கும் வேலைக்கு 'கிளாஸ் 2' பயோசேஃப்டி கேபினெட் வேண்டும். அதன் வாயில் காற்று உள்நோக்கி, ஏ2 வகையில் நொடிக்கு சுமார் அரை மீட்டர் வேகத்தில், இழுக்கப்படும். மெல்லிய டிஷ்யூ தாள் நறுக்கை வாயருகே பிடித்தால் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துவிடலாம். வேகத்தையும் வடிகட்டியையும் அளந்து சான்று தருவது நிபுணர் வேலை. வருடத்துக்கு ஒருமுறையும், கேபினெட்டை இடம் மாற்றும்போதெல்லாமும் அது நடந்திருக்க வேண்டும். சான்று சரியாக இருந்தும் கெடுப்பவை வேறு: தலைக்குமேல் மின்விசிறி, எதிரே திறந்து மூடும் கதவு, முன் சல்லடையை மறைத்து வைத்த நோட்டுப் புத்தகம், உள்ளே எரியும் பன்சன் அடுப்பு.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம், கிருமிக் கழிவை அழுத்த நீராவியில் வேகவைத்துக் கொல்லும் ஆட்டோகிளேவ். உறுப்பினர்கள் எட்டிக்கூடப் பார்க்காத மூலையும் அதுதான். நம் கல்லூரிகளில் பெரும்பாலும் நிற்பது கையால் வால்வு மூடும் செங்குத்து வகை. 15 பவுண்டு அழுத்தம் என்றால் 121 டிகிரி என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். உள்ளே இருப்பது முழுக்க நீராவியாக இருந்தால்தான் அது உண்மை. காற்று பாதி தங்கிவிட்டால் அதே 15 பவுண்டில் 112 டிகிரிதான் வரும். காற்று வெளியேறவே இல்லை என்றால் 100. அழுத்தமானியின் முள் சரியான இடத்தில் நிற்கும், கழிவுப் பை உள்ளே வேகாமல் கிடக்கும். எனவே நீராவி சீராகச் சீறும்வரை விட்டு, பிறகுதான் வால்வை மூட வேண்டும்.

பையை இறுக்கிக் கட்டினாலும் இதே கோளாறுதான், நீராவி உள்ளே போகாது. முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், வாயைத் தளர்த்தி வைக்க வேண்டும். கிருமி வளர்க்கும் ஊடகம் உள்ள குடுவைக்குப் போதுமான 15 நிமிடம் கழிவுப் பைக்குப் போதாது. 45 முதல் 60 நிமிடம் விடுங்கள். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. பைமேல் ஒட்டிய, சூட்டில் கோடு கறுத்த டேப்பைக் காட்டி 'ஆகிவிட்டது' என்பார்கள். அந்த டேப் சொல்வது பையின் வெளிப்புறம் சூடானது என்பதை மட்டும். நம்பத் தகுந்தது, சூட்டை அதிகம் தாங்கும் ஜியோபேசில்லஸ் பாக்டீரியாவின் வித்துகள் கொண்ட ஆம்பூல் என்னும் மூடிய சிறு குப்பி. அதைக் கழிவுப் பையின் நடுவில் புதைத்து ஓட்டி, வெளியே எடுத்து, ஆட்டோகிளேவுக்குள் போகாத இன்னொரு ஆம்பூலுடன் சேர்த்து 55–60 டிகிரியில் வளர்க்க வேண்டும். ஊதா நிற வகையானால் போகாதது மஞ்சளாக மாறும், போனது ஊதாவாகவே நிற்கும். இரண்டுமே ஊதாவாக நின்றால் சோதனையே செல்லாது. மாதம் ஒரு ஆம்பூல் ஒன்றும் பெரிய செலவில்லை. பிளீச் ஊற்றிய கழிவை மட்டும் இதற்குள் வைக்க விடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

கிருமியையும் கருவியையும் பார்த்தாயிற்று, மிச்சம் ஆள். 2009இல் சிகாகோ பல்கலைக்கழக மரபியல் அறிஞர் மால்கம் கசடபான் பிளேக் கிருமி தாக்கி இறந்தார். அவர் கையாண்டது வலுவிழக்கச் செய்யப்பட்ட வகை. உடலிலிருந்து இரும்பைக் கவரும் திறன் பறிக்கப்பட்டிருந்ததுதான் அதன் பலவீனம். இறந்தபின் நடந்த பரிசோதனையில், உடலில் இரும்பு மிகையாகச் சேரும் ஹீமோக்ரோமடோசிஸ் என்னும் பரம்பரை நோய் அவருக்கு இருந்தது தெரிந்தது. கிருமிக்கு இல்லாத வசதியை அவர் உடலே கொடுத்திருக்கலாம் என்பது விசாரித்தவர்களின் கருத்து. காகிதத்தில் அது ஆபத்தில்லாத வகை. குழுவில் மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது இதுபோன்ற விஷயத்துக்காகத்தான், கோரம் நிரப்ப அல்ல. கர்ப்பம், ஸ்டீராய்டு சிகிச்சை, நோய் எதிர்ப்புக் குறைவு உள்ளவர்கள் துறைத்தலைவரைத் தாண்டி அவரிடம் தனியாகப் பேச வழி இருக்கிறதா என்று கேளுங்கள். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் காட்ட, கையாளும் கிருமியின் பெயரெழுதிய அட்டை ஒன்று ஒவ்வொருவர் பர்ஸிலும் இருக்கட்டும்.

விபத்துப் பதிவேட்டையும் புரட்டுங்கள். ஐந்து வருடமாகக் காலியாக இருந்தால் பாராட்டாதீர்கள். ஊசி குத்தாத, சென்ட்ரிஃபியூஜ் குழாய் உடையாத ஆய்வகம் உலகில் கிடையாது. சொன்னால் திட்டு விழும் என்று மறைக்கிறார்கள்.

மறுக்கலாமா என்றால், தாராளமாக. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள்தான் இந்தக் குழுவுக்கு அடிப்படை. குழுவில் உயிரித் தொழில்நுட்பத் துறை நியமித்த ஒருவரும் இருப்பார், அவர் காதில் போட்டு வையுங்கள். ஆனால் ஒரேயடியாக மறுத்தால் அடுத்த முறை உங்களைக் கழற்றிவிடுவார்கள். அதைவிட நிபந்தனை நன்றாக வேலை செய்யும்: 'ஆம்பூல் சோதனை முடிவும் கேபினெட் சான்றும் வந்தபின் வேலையைத் தொடங்கலாம்' என்று குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் உங்கள் மாற்றுக் கருத்தைப் பெயரோடு பதியச் சொல்லி, நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.