பாவசங்கீர்த்தனம் செய்த பிறகும் மனம் உறுத்துகிறதே, கடவுள் உண்மையில் மன்னித்துவிட்டாரா?

உங்கள் கேள்வியை இப்படி விளங்கிக்கொள்கிறேன்: பழைய பாவம் ஒன்றை மூன்று தடவை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டீர்கள், குருவும் பாவமன்னிப்பு வழங்கிவிட்டார், ஆனாலும் நிம்மதி இல்லை. கடவுள் மன்னிக்கவில்லையா, உங்கள் மனத்துயர்தான் போதவில்லையா என்று கேட்கிறீர்கள்.

நான் இறையியல் படித்தவன் இல்லை. மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் பிறந்து வளர்ந்த சாதாரணக் கத்தோலிக்கன். உங்களுக்கு மூன்று தடவை, நான் பதினொரு வருடம் ஒரே பாவத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடல் வந்த கதையை இங்கே எழுதப் போவதில்லை. அடுத்து வந்த மாதங்களில், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னை நிவாரணப் பட்டியல் எழுதச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு அப்போது இருபது வயது. தோணியும் வலையும் இழந்தவர்களின் பெயர்களை ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் எழுத வேண்டும். எழுதினேன். கடைசிப் பக்கத்தில் என் அப்பாவின் பெயரையும் எழுதினேன். அப்பா மேசன் வேலை செய்தவர். பொழுதுபோகாத நேரம் வாவியில் தூண்டில் போட்டதைத் தவிர மீனோடு அவருக்கு ஒரு சம்பந்தமும் கிடையாது. தோணி வந்தது, வலை வந்தது. இரண்டையும் 45 ஆயிரம் ரூபாய்க்கு விற்று வீட்டுக் கூரைக்குத் தகரம் போட்டோம்.

அடுத்த தவக்காலத்தில், அதுதான் ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலத்தில், போய், "சுனாமி நேரம் கொஞ்சம் பொய் எழுதினேன் பாதர்" என்றேன். மூன்று அருள் நிறை மரியே செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அதற்கடுத்த தவக்காலத்தில் வேறொரு குருவிடம் அதே வசனம். பொய் என்பது சின்னச் சொல், வாய்க்குள் வசதியாக அடங்கும். திருட்டு என்று நான் ஒருமுறையும் சொல்லவில்லை.

2016 தவக்காலம் வந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்த இரக்கத்தின் யூபிலி ஆண்டு அது. 2015 டிசம்பர் 8 தொடக்கம் 2016 நவம்பர் 20 வரை. பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நீண்டு கிடந்தது. உள்ளே வயதான குரு ஒருவர். என் வழக்கமான வசனத்தைச் சொன்னதும் கேட்டார்: "மனே, அப்பாட பேரை எழுதின இடத்தில யார்ர பேர் வரவேண்டி இருந்தது?"

எனக்குத் தெரியும். எங்களுக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்த ஓர் அண்ணன். தோணி இத்தனைதான் என்று கணக்குச் சொல்லியிருந்தார்கள். அப்பாவை உள்ளே எடுக்க அவரை வெளியே விட்டேன். பிறகு அவர் பல வருடம் அடுத்தவரின் தோணியில் பங்குக்குப் போனார். வேலைக்குப் போகும்போது கல்லடிப் பாலத்தில் இருந்தே அவரைக் காண்பேன். (பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு எவரிடமும் சொல்ல முடியாது. சொன்னவன் சொல்லலாம், அதனால் எழுதுகிறேன்.)

பாதர் இரண்டு விடயம் சொன்னார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலின் 1459ஆம் பத்தியில் இருப்பதுதான் முதலாவது: பாவமன்னிப்புப் பாவத்தைப் போக்கும், ஆனால் பாவம் உண்டாக்கிய சீர்கேட்டை எல்லாம் தானாகச் சரிசெய்யாது, களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, விவிலியத்தில் எண்ணிக்கை நூல் 5ஆம் அதிகாரம். பிறருக்குத் தீங்கு செய்தவன் பாவத்தை அறிக்கையிட்டு, எடுத்ததை முழுதாகக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டியும் கொடுக்க வேண்டும் என்கிறது. மனக்கணக்குப் போட்டேன். 54 ஆயிரம்.

"அப்ப கடவுள்ர இரக்கத்துக்குக் காசு கட்ட வேணுமா பாதர்?" என்று கேட்டேன். எரிச்சலில்தான் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. லூக்கா 19ஐ வீட்டில் போய் வாசி, எது முதலில் நடக்கிறது என்று பார் என்றார். வாசித்தேன். இயேசு மரத்தடியில் நின்று, இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்று, மரத்தில் ஏறியிருந்த வரி தண்டும் பணக்காரன் சக்கேயுவிடம் சொல்கிறார். அந்த ஆள் அதுவரை ஒரு சதமும் கொடுக்கவில்லை. நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். அதே நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். தகப்பனிடம் வாங்கிய சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் ஊதாரி மகன், என்னை உம் கூலியாட்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்று கேட்க வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறான். அந்த வசனத்துக்கு வருமுன்னே தகப்பன் ஓடிவந்து கட்டிப்பிடித்து, உடுப்புக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஆகவே கடவுள் என்னை எப்போதோ மன்னித்திருப்பார். உறுத்தியது மன்னிப்புக் குறைந்ததால் என்று நான் இப்போது நினைப்பதில்லை. அடுத்த ஒழுங்கை என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பேச்சில் திரும்பு என்பதற்குக் 'கிறுகு' என்பார்கள். அம்மம்மா மனந்திரும்புதலை "மனம் கிறுகிறது" என்றுதான் சொல்லுவா. பதினொரு வருடமாக நான் தலையை மட்டும் கிறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், கால் அசையவில்லை.

மெதடிஸ்த (புரட்டஸ்தாந்து) சபை நண்பன் ஒருவன் இருக்கிறான். அவர்கள் 1814 முதல் இந்த ஊரில் இருப்பவர்கள், அதை அவன் அடிக்கடி ஞாபகப்படுத்துவான். குருவிடம் எதற்கு, நேரே கடவுளிடம் சொல்லலாமே என்பான். அந்த வாதத்துக்கு நான் இங்கே வரவில்லை. எப்படிச் சொன்னாலும் அண்ணனின் தோணிக் கடன் அப்படியேதான் நிற்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசு, அதற்கு வாங்கிய முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான், பாவம் செய்தேன் என்றும் சொன்னான். தலைமைக் குருக்கள் அதற்கு எங்களுக்கென்ன என்றுவிட்டார்கள். அவன் அவர்களிடம் போனதோடு நின்றுவிட்டான், போய்த் தூக்குப் போட்டுக்கொண்டான். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால், இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்துவிட்டு அழுத சீடர் பேதுருவின் பக்கத்தில் அவனுக்கும் இடம் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

உங்கள் விடயத்தில் யாருக்கும் எதுவும் கொடுக்க இல்லை, சொல்ல வேண்டியதை மறைக்காமல் சொல்லியும்விட்டீர்கள் என்றால், நான்காம் தடவை போகாதீர்கள். அது வேறு நோய், தேவையில்லாத மனச்சஞ்சலம். ஒரே குருவிடம் தொடர்ந்து போய், அவர் போதும் என்றால் போதும் என்று விடுவதுதான் அதற்கு வழி.

எனக்குக் கொடுக்க இருந்தது. வேண்டுமென்றால் பெயர் தெரியாமல் தானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றும் பாதர் சொன்னார்; அப்படியும் செய்யலாமாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் யாரோ தர்மம் தந்தார்கள் என்று அந்த மனிதர் நினைத்துக்கொள்வாரே. நானே போனேன். முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லி 54 ஆயிரத்தை நீட்டினேன். வாங்கி, இரண்டு தரம் எண்ணினார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தம்பி, இந்தக் காசுக்கு இப்ப தோணி மட்டும்தான் வரும். வலை வராது" என்றார்.

வலைக்காசை ஏழு மாதம் கட்டினேன். இப்போதும் விடியற்காலையில் அவரிடம்தான் இறால் வாங்குகிறேன். மற்றவர்களுக்குச் சொல்லும் விலையைத்தான் எனக்கும் சொல்லுவார்.