பழைய டிரம்பெட்டைக் கையைக் கடிக்காமல் சரிசெய்ய: கேள்வி பதில்

பரணில் கிடந்த பேண்டு வாத்தியங்களைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ரிப்பேர் வேலை செய்கிறவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, தாத்தா சர்ச் பேண்டில் வாசித்த டிரம்பெட். உடம்பெல்லாம் ஒடுக்கு, கறுத்தும் போயிருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

அழகை அப்புறம் பார்க்கலாம், முதலில் காற்று ஒழுகுகிறதா என்று பாருங்கள். விரலால் அழுத்துகிற மூன்று வால்வு ஒவ்வொன்றிலும் செருகியிருக்கும் இழுகுழாய்தான் ஸ்லைடு. அதில் கொஞ்சம் வாசலின் தடவிச் செருகிவிட்டு, வால்வை அழுத்தாமலேயே அந்த ஸ்லைடை ஒரு அங்குலம் இழுங்கள். சில நொடி கழித்து அதே வால்வை அழுத்தினால் 'டப்' என்று சத்தம் வரவேண்டும். வந்தால் வால்வு நன்றாக இருக்கிறது, துணிந்து செலவு செய்யலாம். மூன்றிலும் சத்தமே இல்லையென்றால், வால்வுக்குள் ஏறி இறங்குகிற பிஸ்டன் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி நிக்கல் பூசி, அது ஓடுகிற உறைக்குப் பொருந்தும்படி தேய்த்து எடுப்பது நுணுக்கமான வேலை, செலவும் அதிகம். சாதாரண வாத்தியம் என்றால் அந்தக் காசுக்கு மீரட்டில் செய்த புதுசைப் பார்ப்பதே மேல். தாத்தாவுடையது என்பதற்காகச் செய்தால் அது வேறு கணக்கு.

எல்லா ஒடுக்கையும் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். பெல் (விரிந்த வாய்) விளிம்பில் இருக்கும் ஒடுக்கு கண்ணுக்குத்தான் உறுத்தும், ஒலியில் பெரிதாகத் தெரியாது. மவுத்பீஸ் (உதட்டில் வைத்து ஊதும் முனை) செருகுகிற குழாயில் சின்னதாக நசுங்கியிருந்தால்கூட வாசிப்பு கெடும், அதை மட்டும் முதலில் எடுக்கச் சொல்லுங்கள். வால்வு உறைமேல் அடிபட்டிருந்தால் சுத்தியலோடு யாரையும் கிட்டே விடாதீர்கள்.

பிஸ்டன் இறங்கவே மாட்டேன் என்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டேன்.

அதனாலும் இருக்கலாம் தம்பி. தேங்காய் எண்ணெய் குளிர்ந்தால் உறையும், நாளானால் பிசினாகும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவுகிற சோப்பு விட்டு ஊறவையுங்கள், கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், வார்னிஷ் உரியும். அப்புறம் வால்வு ஆயில்தான் போட வேண்டும். பிஸ்டனை ப்ராஸோ மாதிரி பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது, தேய்மானம் அதிகமாகிக் காற்று ஒழுகும். திரும்ப மாட்டும்போது 1, 2, 3 என்று பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 'காற்றே போகவில்லை' என்று வருகிற டிரம்பெட்டுகளில் பல, பிஸ்டன் மாறிப்போனவைதான். அதற்குக் காசு வாங்கக் கூச்சமாக இருக்கும்.

பச்சைக் களிம்புக்குப் புளி போடலாமா?

வார்னிஷ் இல்லாத வெளிப்புறத்தில் போடலாம். தேய்த்தவுடன் நன்றாக அலசித் துடைத்துவிடுங்கள், ஊறவைக்காதீர்கள். உள்ளே வேண்டாம்.

மவுத்பீஸ் சிக்கிக்கொண்டது. குறடு போட்டுத் திருகட்டுமா?

ஐயோ, வேண்டாம். மவுத்பீஸ் வருவதற்கு முன்னால் குழாயைப் பிடித்திருக்கும் பற்று (உருக்கி வைத்த ஈய ஒட்டு) விட்டுவிடும், குழாயும் முறுக்கிக்கொள்ளும். இதற்கென்றே புல்லர் என்று ஒரு கருவி இருக்கிறது, பேண்டு மாஸ்டர் யாரிடமாவது கேளுங்கள். சில நிமிட வேலை.

குழாய்களை இணைத்துப் பிடிக்கும் தாங்கு கம்பி விட்டுப்போச்சு. பக்கத்தில் கேஸ் வெல்டிங் கடை இருக்கிறது.

அங்கே மட்டும் போகாதீர்கள்! வாத்தியத்துக்கு வைப்பது ஈயப் பற்று, 200 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உருகும். வெல்டிங் சூட்டில் பக்கத்து மூட்டெல்லாம் கழன்று, பித்தளையும் இளகி மெத்தென்று ஆகிவிடும். பழைய லாரிகளின் பித்தளை ரேடியேட்டரைப் பற்றுவைத்துப் பழகிய கை யாராவது இருந்தால் அவரிடம் கொடுங்கள், மெல்லிய தகட்டின் சூடு அவருக்குத் தெரியும். பக்கத்து மூட்டுகளில் ஈரத்துணி சுற்றச் சொல்லுங்கள்.

எச்சில் வெளியேற்றும் சாவியில் ஒழுகுகிறது.

கார்க் காய்ந்திருக்கும். பாட்டில் கார்க்கை அளவாக வெட்டி ஒட்டிவிடுங்கள், செலவே இல்லை.

மவுத்பீஸ் பக்கக் குழாயில் செம்பு நிறப் புள்ளிகள். தேய்த்தாலும் போகவில்லை.

போகாது. எச்சில் பட்டுப் பட்டுப் பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப்போய்ச் செம்பு மிஞ்சியிருக்கிறது, அது உள்ளிருந்து வருகிற அரிப்பு. ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்துவிட்டதா என்று பார்க்க, மேலே சோப்புத் தண்ணீர் தடவி, பெல்லைத் துணியால் அடைத்துக்கொண்டு ஊதுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. ஒன்றிரண்டு என்றால் மேலே தகடு வைத்துப் பற்றலாம், நிறைய இருந்தால் அந்தக் குழாயை மட்டும் மாற்றுங்கள். வாத்தியத்தையே தூக்கிப் பழைய பித்தளைக்குப் போட வேண்டியதில்லை.