கார்டு இருக்கட்டும், முதலில் கல்விக்கடனைக் கவனியுங்கள்

அமெரிக்காவில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்து, ஊரில் 35 லட்சம் ரூபாய் கல்விக்கடனும் வாங்கியிருக்கும் தம்பி, எந்த வங்கி நல்லது, எந்த கிரெடிட் கார்டு வாங்கினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் கிரெடிட் ஸ்கோர் விரைவில் ஏறும், முதல் ஆண்டிலேயே கார் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வங்கி எதுவானாலும் பெரிய வேறுபாடு இல்லை. கார், வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் கேட்காமல் விட்ட கல்விக்கடனைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

படிப்பு முடியும்வரை கட்ட வேண்டியதில்லை என்று வங்கியில் சொல்லியிருப்பார்கள். அந்த அவகாசம் தவணைக்கு மட்டுமே உரியது. வட்டி முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். முழுத் தொகையும் தொடக்கத்திலேயே வழங்கப்பட்டு, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு மூன்றரை லட்சம். இரண்டாண்டுப் படிப்பும் அதன்பின் ஓராண்டும் கழிவதற்குள், தனிவட்டியாகவே பத்தரை லட்சம் சேர்ந்துவிடும். அது அசலோடு கூடிய பிறகுதான் மாதத்தவணையைக் கணக்கிடுவார்கள். வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்ய மாணவர் விசா இடம் தருகிறது. அந்த வருமானத்தில் சிறு பகுதியையாவது வட்டிக்கு அனுப்புங்கள். படிக்கும்போதே வட்டி கட்டுவோருக்குச் சலுகை உண்டா என்று கடன் கொடுத்த கிளையில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டிருப்பார்கள். தவணை தவறினால், ஊர் வங்கிகள் பார்க்கும் கடன் மதிப்பெண்ணான அவர்களுடைய சிபிலும் சரியும், வங்கியிலிருந்து தொலைபேசியும் அவர்களுக்குத்தான் வரும். இங்கே அமெரிக்காவில் நல்ல சம்பளம் வாங்கி, புதுக் காரும் ஓட்டிக்கொண்டு, ஊர்க் கடனை மட்டும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கிற நம்மவர் சிலரை எனக்குத் தெரியும். ஓய்வூதியத்தில் வாழும் ஒரு தகப்பனார் வங்கி மேலாளர் முன் கைகட்டி நிற்பதை நினைத்தால், அவர்களோடு உட்கார்ந்து பேசவே எனக்கு மனம் வருவதில்லை.

நான் வந்த புதிதில், ஊரில் ஒரு தவணைகூடத் தவறாத என்னை இங்கே யாரும் நம்பவில்லை. அடுக்ககத்து அலுவலகத்தில் என் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்த பெண், இந்த நாட்டில் கடன் பதிவே இல்லை என்று சொல்லி, வழக்கமான முன்பணத்துக்கு மேல் இன்னொரு மாத வாடகையைக் கேட்டார். கையிருப்பில் பாதி அன்றே போயிற்று. அதன்பின் வங்கியில் வைப்புத்தொகை கட்டி அதே அளவுக்கு வரம்புள்ள செக்யூர்டு கார்டு ஒன்றை வாங்கி, மளிகைக்கு மட்டும் பயன்படுத்தி, மாதந்தோறும் முழுப் பாக்கியையும் அடைத்தேன். பொறுமையாக இப்படிக் கட்டியெழுப்பியதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. உங்களுக்கும் அதுவே போதும். முதல் ஸ்கோர் வரவே ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அதற்குள் நான்கைந்து கார்டுகளுக்கு விண்ணப்பித்துப் பயனில்லை.

பில்லில் குறைந்தபட்சத் தொகை என்று அச்சிட்டிருப்பதை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 24 சதவீத வட்டியில் ஆயிரம் டாலர் பாக்கி இருந்தால், மாத வட்டியே சுமார் 20 டாலர். நீங்கள் 30 டாலர் கட்டினால் அசலில் பத்துதான் குறையும். முப்பது நாளுக்கு மேல் தாமதமான கட்டணம் உங்கள் பதிவில் ஏழு ஆண்டுகள் நிற்கும். அறைத்தோழர் எவ்வளவு நெருக்கமானவரானாலும், அவருடைய கடனுக்கு இணைக் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் நாடு திரும்பிவிட்டால் பாக்கி முழுவதும் உங்கள் தலையில்தான் விழும்.

படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவிலேயே படித்த துறையில் வேலை பார்க்க அனுமதிக்கும் ஓ.பி.டி. காலத்தில் வேலையில்லாமல் இருக்க மொத்தம் 90 நாள்தான் அனுமதி. ஊரில் தவணை தொடங்கும் மாதமும் அதை ஒட்டியே வரக்கூடும் என்பதால், மூன்று மாதத் தவணைக்கான பணத்தைத் தனியே ஒதுக்கி வையுங்கள். அதற்குள் வேலை அமையாது என்று தோன்றினால், முதல் தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்கு எழுதி அவகாசம் கேளுங்கள். தவறிய பிறகு கேட்டால் அவர்கள் பேசும் விதமே வேறாக இருக்கும்.