மாமியார் டென்ரிக்குப் போகச் சொல்கிறார், போகலாமா?

கல்யாணமாகி ஒசாகாவுக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. கணவர் வீட்டார் டென்ரிக்கியோ என்ற ஜப்பானிய மதத்தின் கிளைக் கோவில் ஒன்றை நடத்துகிறார்கள். மூன்று மாதப் படிப்புக்கு, அந்த மதத்தின் தலைமைக் கோவில் இருக்கும் டென்ரி ஊருக்குப் போய்வரச் சொல்கிறார் மாமியார். "மதம் மாற்றிவிடுவார்களா அக்கா, போகலாமா?" இதுதானே உங்கள் கேள்வி. நானும் அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு வாழ வந்தவள்தான். அக்கா என்று கூப்பிட்ட உரிமையில் மழுப்பாமல் சொல்கிறேன்: போகலாம், ஆனால் இப்போதே வேண்டாம்.

முதலில் அந்தப் பயம். ஜப்பானில் திருமணப் பதிவுப் படிவத்தில் மதம் பற்றிய கேள்வியே கிடையாது. டென்ரிக்கியோவில் ஞானஸ்நானம் போன்ற சடங்கும் இல்லை. பெஸ்ஸெகி என்ற உபதேசத்தை ஒன்பது முறை கேட்டு, சசுகே என்ற வரத்தைப் பெற்றுக்கொண்டவர்கள்தான் அந்த மதத்தின் தொண்டர்கள் ஆகிறார்கள். பெஸ்ஸெகி கேட்கத் தொடங்கும் முன் ஓர் உறுதிமொழி சொல்ல வேண்டும். மனம் ஒப்பாவிட்டால் அதை மட்டும் "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்று மாமியாரிடம் பணிவாகச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் கீழே கோவில், மாடியில் என் அறையில் முருகன் படம். இன்றுவரை அதை எடுக்கச் சொன்னவர் யாருமில்லை.

அவர்கள் நம்பிக்கையைவிட உங்கள் கையையும் காலையும்தான் அதிகம் கேட்பார்கள். நம்மைத் திணறடிப்பது அதுதான். கடவுள் கொடுத்த உடம்பு இரவல் பொருள், அந்த நன்றிக்காகக் கூலி வாங்காமல் வேலை செய்ய வேண்டும் என்பது கொள்கை. அதற்கு ஹினோகிஷின் என்று பெயர். புல் பிடுங்குவது, ரயில் நிலையத்தைக் கூட்டுவது, பொதுக் கழிப்பறை கழுவுவது எல்லாம் அதில் சேரும். ஏப்ரல் 29 அன்று நாடு முழுக்க ஒரே நாளில் செய்வார்கள். டென்ரியில் தலைமைக் கோவிலைச் சுற்றி ஓடும் மரத்தாழ்வாரம் மட்டும் சுமார் 800 மீட்டர். அதை மண்டியிட்டுத் துணியால் துடைத்துக்கொண்டே நகர்வார்கள். படித்த பெண்ணை இப்படித் துடைக்க வைக்கிறார்களே என்று எனக்கு முதலில் சுருக்கென்றது. பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற கம்பெனி அதிகாரி என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் படிப்பின் பெயர் ஷூயோகா. 17 வயது நிறைந்த யாரும் சேரலாம். உங்கள் கிளைக் கோவில் சார்ந்த பெரிய கோவிலின் விடுதியில் தங்க வைப்பார்கள். காலை வழிபாடு சூரிய உதயத்தை ஒட்டி மாறும், ஆகவே கோடையில் இருட்டிலேயே எழுந்துவிட வேண்டியிருக்கும். வகுப்பில் வேதப் பாடம், கையசைவோடு பாடும் வழிபாடு, அப்புறம் ஹினோகிஷின். 'தீமையைத் துடைத்துக் காப்பாற்று' என்ற வரியைக் கையசைவோடு 21 முறை பாடுவார்கள். முதல் வாரம் கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் போகும். பழகிவிடும்.

வேதப் பாடத்தில் எனக்குப் பிடித்தது நிறுவனரின் கதை. நகயாமா மிகி 1798இல் பிறந்தவர், சின்ன வயதிலேயே வசதியான விவசாயக் குடும்பத்துக்கு மருமகளாகப் போனவர். 1838 அக்டோபர் 26 அன்று கடவுள் அவருக்குள் வந்து தங்கினார் என்பது இவர்களின் நம்பிக்கை. அதன்பின் வீட்டுப் பொருளையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்து, கடைசியில் வீட்டையே பிரித்துவிட்டார். எண்பதைத் தாண்டிய வயதிலும் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் அடைத்திருக்கிறது. 1887இல் மறைந்தாலும் அவர் இன்னும் அங்கேயே வாழ்கிறார் என்று நம்பி மூன்று வேளையும் உணவு படைக்கிறார்கள். ஒரு மருமகள் தொடங்கிய மதத்துக்கு மருமகளாக வந்திருக்கிறோம் என்று நினைக்கும்போது எனக்கு ஒரு தெம்பு வரும்.

எனக்கு ஒட்டாத இடமும் உண்டு. கஞ்சத்தனம், பேராசை, வெறுப்பு, தன்னலப் பாசம், மனக்கறுவல், கோபம், இச்சை, ஆணவம் என்று எட்டு வகைத் தூசு மனதில் படிகிறது, நோய் என்பது அதைப் பார்த்துத் துடைக்கக் கடவுள் காட்டும் வழி என்பார்கள். மனதைத் துடைக்கச் சொல்வது சரி. ஆனால் குழந்தை உண்டாகாமல் தவிக்கும் பெண்ணிடம் போய் ஒரு பெரியவர் முற்பிறவிக் கணக்கை எடுத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அப்படி யாராவது பேசினால் கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள். மருத்துவத்தை அவர்கள் தடுப்பதில்லை. 1966இல் தொடங்கிய பெரிய மருத்துவமனையே டென்ரியில் நடத்துகிறார்கள்.

சாப்பாட்டில் இது கூடாது என்ற விதி இல்லை. ஆனால் நீங்கள் சுத்த சைவம் என்றால் சிரமம்தான், மிசோ சூப்பிலேயே மீன் சாறு இருக்கும். விடுதிக்கு முன்பே சொல்லி வையுங்கள், ஊறுகாய் கட்டாயம் கொண்டுபோங்கள்.

இப்போதே வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் மொழி. ஆங்கில வகுப்பு உண்டு, ஆனால் எல்லா மாதமும் தொடங்காது. எப்போது என்று மாமியாரையே விசாரிக்கச் சொல்லுங்கள். அதுவரை ஒருநாள் பயணமாகக் கணவரோடு போய்ப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் 26ஆம் தேதி பெரிய வழிபாடு. நிலையத்திலிருந்து கடைத்தெரு வழியே நடந்தால் கோவில் வந்துவிடும். உள்ளே கன்ரோதாய் என்ற மரத்தூணை நான்கு பக்கமும் சூழ்ந்து உட்கார்ந்து கும்பிடுவார்கள். அதற்கு நேர் மேலே கூரை திறந்திருக்கும். கறுப்பு அங்கி போட்ட வயதானவர்கள் "வீட்டுக்குத் திரும்பி வந்தீர்களா, வாருங்கள்" என்று வரவேற்பார்கள். எல்லோரையும் அப்படித்தான் வரவேற்பார்கள், திகைக்க வேண்டாம்.

இன்னொன்று. வழிபாட்டு வாத்தியங்களில் கோட்டோ, ஷமிசென், கொக்யூ மூன்றும் பெண்கள் வாசிப்பவை. எது கற்கிறாய் என்று மாமியார் கேட்கும் நாள் வரும். வில் போட்டு வாசிக்கும் கொக்யூவுக்கு எங்கள் கோவிலில் ஆளே கிடைக்கவில்லை, கடைசியில் என் தலையில் கட்டிவிட்டார்கள். நீங்கள் முந்திக்கொண்டு கோட்டோ என்று சொல்லிவிடுங்கள்.