ஹாஸ்கெல்: நியூடைப்புக்கு டிரைவிங் எழுதினால் எதிர்பாராத இன்ஸ்டன்ஸ் வருவது ஏன்?

ஹாஸ்கெல் நிரலில் இன்ட்டைப் (முழு எண்) பொதிந்த 'ஏஜ்' என்ற நியூடைப் (இருக்கும் டைப்பைச் சுற்றி எழுதும் புது டைப்), அதில் 'அன்ஏஜ்' என்ற ஒரே ஃபீல்டு. மதிப்பை ஜேசானாக எழுதும் டூஜேசான் கிளாஸை டிரைவ் செய்தால் (அதாவது இன்ஸ்டன்ஸை, அந்த டைப்புக்கான மெத்தடுகளை, கம்பைலரையே எழுதவிட்டால்) வெறும் 5 வராமல், அன்ஏஜ் என்ற கீயுடன் ஆப்ஜெக்ட் வருகிறது. இதுதானே கேள்வி?

இது கம்பைலர் பிழை இல்லை. டூஜேசான் போன்ற கிளாஸை நியூடைப்புக்கு டிரைவ் செய்ய ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஎச்சிக்கு இரண்டு வழிகள் உண்டு. உள்ளே இருக்கும் இன்ட்டின் இன்ஸ்டன்ஸையே எடுத்துக்கொள்வது 'நியூடைப்' வழி. காலி இன்ஸ்டன்ஸ் ஒன்றை எழுதி, மெத்தடுகளை டிஃபால்ட்டுக்கே விட்டுவிடுவது 'எனிகிளாஸ்' வழி. இரண்டுக்குமான எக்ஸ்டென்ஷன்களும் (முதல் வழிக்கு ஜெனரலைஸ்டு நியூடைப் டிரைவிங், இரண்டாவதற்கு டிரைவ் எனி கிளாஸ்) ஆனில் இருந்தால் ஜிஎச்சி எனிகிளாஸைத்தான் எடுக்கும். ஒரு வார்னிங் வரும், கம்பைல் நிற்காது.

ஜிஎச்சி2021 என்ற எக்ஸ்டென்ஷன் தொகுப்பில் ஜெனரலைஸ்டு நியூடைப் டிரைவிங் ஏற்கெனவே ஆனில் இருக்கிறது. அதனால் நீங்கள் டிரைவ் எனி கிளாஸ் ஒன்றை மட்டும் சேர்த்தாலே மோதல் வந்துவிடும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஜேசானைப் படிக்கும் ஃப்ரம்ஜேசானையும் அதே வரியில் டிரைவ் செய்திருந்தால் சிக்கல் இன்னும் ஆழம். எழுதுவதும் படிப்பதும் ஒரே தவறான வடிவில் நடப்பதால், என்கோட் செய்து டிகோட் செய்யும் டெஸ்ட் பாஸாகிவிடும். எதிர்முனையில் உள்ள வேறொரு சர்வீஸ்தான் உடையும். கூட்டல், பெருக்கல் போன்றவற்றுக்கான 'நம்' (Num) என்ற கிளாஸில் விளைவு வேறு: கூட்டலுக்கு டிஃபால்ட் கிடையாது என்பதால், மெத்தட் விடுபட்டதாக வார்னிங் தந்து கம்பைல் ஆகும், ஓடும்போது கூட்டல் வந்த இடத்தில் எக்செப்ஷனுடன் விழும்.

தீர்வு, எந்த வழி என்று நாமே பெயர் சொல்லவிடும் டிரைவிங் ஸ்ட்ராடஜீஸ் எக்ஸ்டென்ஷன். ஜிஎச்சி 8.2 முதல் இருக்கிறது. ஜிஎச்சி2024-இல் தனியாக ஆன் செய்யவே வேண்டாம். ஒரே டிரைவிங் வரியை இரண்டாகப் பிரியுங்கள்: 'டிரைவிங் ஸ்டாக்' (கம்பைலருக்கே தெரிந்த கிளாஸ்களுக்கான வழக்கமான வழி) என்று எழுதி ஷோ, ஜெனரிக், 'டிரைவிங் நியூடைப்' என்று எழுதி ஈக்யூ, ஆர்ட், நம், டூஜேசான், ஃப்ரம்ஜேசான். ஷோவை நியூடைப் பக்கம் தள்ளாதீர்கள். கன்ஸ்ட்ரக்டர் பெயர் போய், லாகில் வெறும் எண்தான் தெரியும்.

வேண்டுமென்றே எனிகிளாஸ் தேவைப்படும் இடங்களும் உண்டு, பல ஃபீல்டுகள் கொண்ட டேட்டா டைப்புகளுக்கு அதுவே சரி. அங்கேயும் ஸ்ட்ராடஜியின் பெயரை எழுதிவிடுவது நல்லது.

ஸ்ட்ராடஜி விடுபட்ட இடங்களைப் பிடிக்க, மிஸ்ஸிங் டிரைவிங் ஸ்ட்ராடஜீஸ் வார்னிங்கை நீங்களே ஆன் செய்யவேண்டும். வழக்கமான வார்னிங்குகளை ஆன் செய்யும் 'வால்' (-Wall) ஃப்ளாகில் அது சேராது. சந்தேகம் மிஞ்சினால் டம்ப் டிரைவ் ஃப்ளாகுடன் கம்பைல் செய்து, ஜிஎச்சி உண்மையில் எழுதிய இன்ஸ்டன்ஸைப் படித்துப் பாருங்கள்.