ஆடிக் காற்றில் விழுந்த புளியமரத்தை இப்போதே அறுக்கலாமா?

கேள்வி: கல்லல் பக்கம் எங்கள் செம்மண் கொல்லையில் போன வாரக் காற்றுக்குப் பெரிய புளியமரம் ஒன்று வேரோடு பெயர்ந்து, மேட்டு வரப்பின் மேல் குறுக்கே விழுந்து கிடக்கிறது. பக்கத்தில் நின்ற வேம்பும் பாதி வேர் பெயர்ந்து ஒரு பனையின் மேல் சாய்ந்து நிற்கிறது. விதைப்புக்கு முன் உழ வேண்டும். வாடகைக்கு மிஷின் ரம்பம் எடுத்து, நானும் அப்பாவுமே அறுத்து விறகாக்கிவிடலாம் என்று இருக்கிறோம். காற்று இன்னும் ஓயவில்லை. இப்போது அறுக்கலாமா?

பதில்: தம்பி, நீங்கள் எழுதியிருப்பது இரண்டு வேலை. புளியை இப்போதே அறுக்கலாம், காலையில் மட்டும். வேம்பைக் காற்று ஓயும் வரை தொடாதீர்கள், அதன் கீழே நடமாடவும் வேண்டாம்.

முதலில் வேம்பைச் சொல்லிவிடுகிறேன். சாய்ந்து இன்னொரு மரத்தில் மாட்டி நிற்கும் மரம் எந்த நொடியில் எந்தப் பக்கம் உருளும் என்று அனுபவப்பட்ட மரம்வெட்டிகளே உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு காற்று வீச்சுக்கும் மீதி வேர் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துகொண்டிருக்கும். தாங்கும் பனையை வெட்டினால் வேம்பு தானாக விழுந்துவிடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அப்படி வெட்டுகிறவரின் தலைக்கு மேல்தான் இரண்டு மரமும் வரும். பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதும் இருக்கிறது. காற்று அடங்கிய பிறகு, இதையே தொழிலாகச் செய்கிறவரைக் கூப்பிடுங்கள். டிராக்டரில் கட்டி இழுப்பதாக இருந்தால், மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்காவது வடம் நீளமாக இருக்க வேண்டும். மோட்டார் கொட்டகைக்குப் போகும் மின்கம்பி கிளைகளுக்கு அருகில் எங்காவது இருந்தால், புளியாக இருந்தாலும் கை வைக்காமல் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-இல் சொல்லி, இணைப்பைத் துண்டித்த பிறகே போங்கள்.

இனிப் புளி. ஆடியில் பெரும்பாலும் விடியலில் காற்று தணிந்திருக்கும், வெயில் ஏற ஏறத்தான் வேகம் பிடிக்கும். ஆகவே வெளிச்சம் வந்ததும் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள சிறு மரங்கள் முழுவதுமாக ஆடத் தொடங்கினால் காற்று மணிக்கு 30 கிலோமீட்டரை எட்டிவிட்டது என்று பொருள். ரம்பத்தை அணைத்துவிடுங்கள். தரையில் கிடக்கும் மரத்துக்குக் காற்று என்ன செய்யும் என்று நினைக்க வேண்டாம். இலையோடு கிடக்கும் கிளைகள் காற்றைப் பிடித்து மரத்தை அசைக்கும். அறுத்த வாய் திறந்து மூடும், ரம்பம் கவ்விக்கொள்ளும், தூள் கண்ணில் அடிக்கும். முதுகுக்குப் பின்னால் காற்று வரும்படி நில்லுங்கள், கண்ணாடி போடுங்கள். லுங்கியும் கழுத்துத் துண்டும் வேண்டவே வேண்டாம்.

விழுந்த மரம் அடங்கிக் கிடப்பது போலத் தெரியும். உண்மையில் அது வளைத்து நிறுத்திய வில். கரும்பை முழங்காலில் வைத்து ஒடிப்பதை நினைத்துப் பாருங்கள். மேல்பக்கம் விரிந்து கிழியும், முழங்காலை ஒட்டிய பக்கம் நசுங்கும். உங்கள் வரப்புதான் அந்த முழங்கால். வரப்பைத் தாண்டி மரத்தின் தலைப்பகுதி அந்தரத்தில் தொங்கினால், அடிமரத்தின் மேல்பக்கம் இழுபட்டு நிற்கிறது, அடிப்பக்கம் நசுங்கி நிற்கிறது. அங்கே முதலில் கீழிருந்து மேலாக மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, பிறகு மேலிருந்து அறுத்து முடிக்க வேண்டும். மேலிருந்தே தொடங்கினால் மரம் நீளவாக்கில் பிளந்து முகத்தில் அடிக்கும். அந்தத் தலைப்பகுதியும் கிளைகளின் மேல் ஊன்றிக்கொண்டு, நடுவில் மட்டும் தொய்வாகக் கிடந்தால் கணக்கு தலைகீழ். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்து, கீழிருந்து முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ரம்பம் மாட்டிக்கொள்ளும். ஒரே மரத்தில் நாலு முழத்துக்குள் இரண்டு நிலையும் வரும். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் குனிந்து, அடியில் எது தாங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ரம்பத்தை வைக்க வேண்டும். அடியில் மடங்கிக் கிடக்கும் சிறு கொம்புகளைக் கால்வைத்து மிதித்து அறுக்காதீர்கள், அவை சாட்டையாக எழும்பும். மேட்டு வரப்பின் சரிவில் எப்போதும் கட்டைக்கு மேற்புறம் நில்லுங்கள். மிஷின் ரம்பத்தின் முனையின் மேல்பாதி எதிலாவது பட்டால் ரம்பம் உங்களை நோக்கித் துள்ளும். புதிதாகக் கையில் எடுக்கிறவர்கள் இதனால் வெட்டுப்படுவது உண்டு.

அடிவேர்த் தட்டை, அதாவது மண்ணோடு பெயர்ந்து நிற்கும் வேர்ப்பகுதியை, கடைசிவரை விட்டுவையுங்கள். அந்த மண் பிடித்த வேர்த் தட்டை இழுத்துப் பிடித்திருப்பது கீழே கிடக்கும் மரத்தின் கனம்தான். மரத்தை அறுத்த மாத்திரத்தில் அது படாரென்று குழிக்குள் திரும்பி உட்காரும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு ஆலங்குடிப் பக்கம் ஒரு தோப்பில் நான் நேரில் பார்த்தேன். மனிதர் உயரத்துக்கு நின்ற வேர்த் தட்டு, அடிமரத்தை அறுத்த மறுகணம் திரும்பிக் குழியை மூடிக்கொண்டது. அதற்குச் சற்று முன்புவரை அந்தக் குழியில் ஒரு பையன் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். இன்றும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. உங்கள் ஊரில் செம்பொறை என்னும் கெட்டியான செம்பாறை மேலேயே இருப்பதால் வேர் ஆழம் போகாமல் பரந்து கிடக்கும், தட்டும் பெரிதாக இருக்கும். குழியிலும் தட்டுக்குப் பின்னாலும் ஒரு குழந்தையும் ஆடும் நிற்கக் கூடாது. தட்டிலிருந்து ஐந்தாறு அடியாவது கட்டையை விட்டு அறுங்கள்.

இந்த வேலை முடியும்வரை உங்கள் அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளட்டும், ஆனால் இரண்டு ரம்பம் ஒரே மரத்தில் ஓட வேண்டாம். பொந்துகளில் பாம்பும் கதண்டு என்னும் விஷக் குளவியும் இருக்கலாம், நீளக் கம்பால் தட்டிப் பாருங்கள். அந்த மரம் பட்டா நிலத்தில்தான் நின்றதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். புறம்போக்கில் 2சி மரப் பட்டா இருந்தால் அது பழத்தை அனுபவிக்கத்தான். வெட்டுவதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்ல வேண்டும்.

விறகைப் பற்றி: புளி நின்று எரியும், கல்யாண அடுப்புக்கும் பலகார அடுப்புக்கும் அதைக் கேட்டு வாங்குவார்கள். ஆனால் காய்ந்தால் கோடாலிக்கு மசியாது. ஈரம் இருக்கும்போதே ஒன்றரை அடித் துண்டாக்கி ஆப்பு வைத்துப் பிளந்துவிடுங்கள். அடிக்கட்டையில் நல்ல திரட்சி இருந்தால் விறகாக்காதீர்கள், இறைச்சி வெட்டும் கட்டைக்கு நல்ல விலை போகும். வேம்பின் வைரத்தையும், அதாவது நடுவில் இருக்கும் கெட்டி மரத்தையும், விறகாக்காமல் மரவேலைக்குக் கொடுங்கள். பிளந்ததைக் கல் மேல் குறுக்குக் கட்டை போட்டு, காற்றோட்டமாக அடுக்கி, ஐப்பசி மழைக்கு முன் மேலே மட்டும் தகரம் மூடுங்கள். தரையில் வைத்தால் கரையான் தின்றுவிடும்.

வேர்த் தட்டு குழியில் திரும்பி உட்கார்ந்துவிட்டால் அதைத் தோண்டி எடுக்க அவசரப்படாதீர்கள். சுற்றி மண் அணையுங்கள். மீதி வேரில் உயிர் இருந்தால் புளி அடியிலிருந்து துளிர்க்கும். ஆடு கடிக்காமல் முள் கட்டி, நேரான ஒரு துளிரை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளுங்கள்.