கர்ப்பத்தில் கொலஸ்ட்ரால் 268: எந்த எண்ணுக்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 27. முதல் குழந்தை, இப்போது 29-வது வாரம். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் 'முழு உடல் பேக்கேஜ்' ஒன்றை நாத்தனார் ஏற்பாடு செய்தார். 12 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து கொடுத்தேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 268, ட்ரைகிளிசரைடு 262, ஆல்கலைன் பாஸ்படேஸ் 210 என்று வந்து, மூன்றையும் சிவப்பில் காட்டியிருக்கிறார்கள். கல்லீரலுக்கான எஸ்.ஜி.பி.டி. 24, எஸ்.ஜி.ஓ.டி. 22. கல்யாணமான புதிதில் எடுத்த ஸ்கேனில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்றிருந்தது. "லிவர் கெட்டுக்கொண்டிருக்கிறது, 15 நாளில் மறுபடி டெஸ்ட் எடுங்கள், இந்தப் பவுடரை மூன்று மாதம் சாப்பிடுங்கள்" என்கிறார் ரத்தம் எடுக்க வந்தவர். மாமியார் நெய்யையும் முட்டையையும் நிறுத்திவிட்டார். கர்ப்பத்தில் வரும் கொழுப்புக் கல்லீரல் உயிருக்கே ஆபத்து என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. என்ன செய்வது?

பதில்: பவுடரை வாங்காதீர்கள். 15 நாள் மறுபரிசோதனை தேவையில்லை. இன்றைக்கே முட்டை சாப்பிடலாம். இனி காரணத்தைச் சொல்கிறேன்.

நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள், கர்ப்பத்தின் பாதிக்கு மேல் தாயின் உடலைக் கொழுப்பை எரித்து வாழும்படி மாற்றிவிடுகின்றன. சர்க்கரையைக் குழந்தைக்கு விட்டுவைப்பதற்கான ஏற்பாடு அது. அதற்காகக் கல்லீரல் கூடுதல் கொழுப்பை ரத்தத்தில் இறக்குகிறது. கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரானை நஞ்சுக்கொடி செய்வதே கொலஸ்ட்ராலிலிருந்துதான். ஆகவே கடைசி மூன்று மாதங்களில் மொத்தக் கொலஸ்ட்ரால் 220 முதல் 350 வரையும், ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு 130 முதல் 450 வரையும் இருப்பது சாதாரணம். உங்களுடைய இரண்டு எண்களும் இதற்குள் அடக்கம். ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியைக் கல்லீரல் மட்டுமல்ல, நஞ்சுக்கொடியும் சுரக்கிறது. இந்த மாதங்களில் 230 வரை போகும். கல்லீரலுக்கும் அந்த 210-க்கும் சம்பந்தமில்லை.

பிறகு ஏன் சிவப்பு? கர்ப்பமில்லாதவர்களுக்கான அளவை அச்சிட்டுவிட்டு, அதைத் தாண்டிய எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டர் தானாகவே சிவப்பு போடுகிறது. 'கர்ப்பிணியா, எத்தனையாவது வாரம்' என்று கேட்க விண்ணப்பத்தில் ஒரு கட்டம் சேர்ப்பதில் என்ன கஷ்டமோ தெரியவில்லை. ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் பேக்கேஜில்கூட அந்தக் கட்டத்தைக் காணோம். மகப்பேறு கிளினிக்கிலோ எடையும் பிரஷரும் பார்த்து, மாத்திரை எழுதி, அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். வெளி லேப் ரிப்போர்ட்டை விரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அந்த இடைவெளியில்தான் பவுடர் ஆள் நுழைகிறார். ரத்தம் எடுக்கத்தான் அவருக்குப் பயிற்சி. ரிப்போர்ட்டுக்கு விளக்கம் சொல்லும் தகுதி அவருக்குக் கிடையாது. மறுபரிசோதனைக்கும் பவுடருக்கும் அவருக்குக் கமிஷன் போகிறதா என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். 12 மணி நேரம் பட்டினி போட்டதும் தவறு. கர்ப்பிணி அவ்வளவு நேரம் சாப்பிடாமல் இருந்தால் கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் ஏறும், மயக்கமும் வரலாம். கொழுப்புப் பரிசோதனை கர்ப்பத்தில் வழக்கமான பரிசோதனையே அல்ல. யாராவது கட்டாயம் வேண்டுமென்றால், சாப்பிட்ட பிறகு எடுத்தாலும் எண் பெரிதாக மாறிவிடாது.

அந்தப் பவுடரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'லிவர் கிளீன்', 'டீடாக்ஸ்' என்று விற்பவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று டப்பாவில் முழுமையாக எழுதுவதில்லை. கிரீன் டீ சாறு கேப்ஸ்யூல், உடம்பு குறைக்க விற்கும் கார்சீனியா கேப்ஸ்யூல் இரண்டுமே கல்லீரலைக் கெடுத்த சம்பவங்கள் மருத்துவ உலகில் பதிவாகியிருக்கின்றன. சில பற்பங்களில் ஈயமும் பாதரசமும் இருக்கும். கல்லீரலுக்கு நல்லது என்று சொல்லி விற்பதே கல்லீரலைக் கெடுத்தால், பிரசவ நேரத்தில் எஸ்.ஜி.பி.டி. ஏறி நிற்கும்போது காரணம் கர்ப்பமா பவுடரா என்று டாக்டர் திண்டாட வேண்டியிருக்கும்.

அடுத்தது வீடியோ பயம். நீங்கள் பார்த்தது 'கர்ப்பகாலக் கடும் கொழுப்புக் கல்லீரல்' என்ற வேறொரு நோய். சுமார் பத்தாயிரம் பிரசவங்களில் ஒன்றில் வரும். உங்கள் 'கிரேடு 1' முற்றி அதுவாகிவிடாது. உங்களுடையது உடல் எடை, மாவுச்சத்து, இன்சுலின் சரியாக வேலை செய்யாமை ஆகியவற்றால் மெதுவாகச் சேர்ந்த கொழுப்பு. ஸ்கேனில் சொல்லும் கிரேடு, பார்ப்பவரின் கண் மதிப்பீடுதான். தழும்பு விழுந்ததா என்று அது சொல்லாது. கல்லீரல் செல்கள் சிதைகின்றனவா என்பதை எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. இரண்டும் காட்டும். கர்ப்பத்தில் இவை ஏறக்கூடாது. உங்களுக்கு ஏறவும் இல்லை. 40-ஐத் தாண்டியிருந்தால், லேப் அதைக் கறுப்பிலேயே அச்சிட்டிருந்தாலும், நான் உங்களை உடனே டாக்டரிடம் போகச் சொல்லியிருப்பேன்.

பழைய கிரேடு 1 சொல்லும் விஷயம் வேறு. உங்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். கவலைப்படுவதானால் அதற்குப் படுங்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்கும் பரிசோதனை 24 முதல் 28 வாரத்துக்குள் முடிந்ததா என்று அட்டையைப் பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டே போகலாம். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. பேக்கேஜில் அறுபது எழுபது பரிசோதனைகள் இருக்கும். இந்த ஒன்று இருக்காது.

சாப்பாட்டில், ட்ரைகிளிசரைடை ஏற்றுவது முட்டையைவிடச் சர்க்கரையும் மாவும்தான். பழச்சாறு, மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட சத்துமாவுக் கஞ்சி, பேக்கரிப் பண்டம், 'இரண்டு பேருக்குச் சாப்பிடு' என்று குவிக்கும் வெள்ளைச் சோறு ஆகியவற்றை முதலில் குறைக்கச் சொல்லுங்கள். ஒரு கப் சோற்றுக்கு ஒரு கப் காய், கூடவே பருப்போ முட்டையோ மீனோ; மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல். தினம் ஒரு முட்டை. அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் ஆவின் நெய் வந்திருந்தால் நாளைக்கு இரண்டு டீஸ்பூன் வரை தாராளமாகச் சேர்க்கலாம். மத்தி, நெத்திலி வாரம் இரண்டு முறை நல்லது. பாதரசம் சேரும் என்பதால் சுறா வேண்டாம். பிரசவத்துக்குப் பின் பால் ஊறுவதற்குக் கொடுக்கும் சுறாப் புட்டும் வேண்டாம். மீன் ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ மிக அதிகம், அதையும் தவிருங்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் 15 நிமிடம் நடந்தால் போதும். எடை குறைக்க முயல வேண்டாம். கொலஸ்ட்ரால் மாத்திரை உங்களுக்குத் தேவையே இல்லை.

இதில் சொன்ன நெய்யும் முட்டையும் ஒரு சிலருக்குப் பொருந்தாது. ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டியவர்களுக்குச் சட்டமே வேறு. இது பெரும்பாலும் பரம்பரையாக வரும், அல்லது கட்டுப்படாத சர்க்கரை நோயோடு சேர்ந்து வரும். கர்ப்பத்துக்கு முன்பே 300, 400 இருந்தவர்களுக்குக் கடைசி மாதங்களில் அது இரண்டு மூன்று மடங்காகும். 1000-ஐத் தாண்டினால் கணையம் வெந்துபோகும் ஆபத்து. தாய்க்கும் குழந்தைக்கும் உயிர் போகலாம். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலி, நிற்காத வாந்தி என்று வரும். 'கேஸ் ட்ரபிள்' என்று சொல்லி மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ரத்தத்தில் கொழுப்பு அவ்வளவு இருந்தால் கணைய வீக்கத்தைக் கண்டுபிடிக்கும் அமிலேஸ் பரிசோதனை பொய்யாக நார்மல் என்று காட்டக்கூடும், அதே வேலைக்கான லைபேஸ் பரிசோதனையைக் கேளுங்கள். எடுத்த ரத்தம் பால்போல வெளுத்திருக்கிறது என்று லேப் ஆள் சொன்னால் அதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். 500-க்கு மேல் உள்ளவர்களுக்கு நெய், எண்ணெய், தேங்காய், மஞ்சள் கரு எல்லாமே அளந்துதான். அளவை மருத்துவமனை உணவு நிபுணர் எழுதித் தர வேண்டும். மாதம் ஒருமுறை பரிசோதனை, தேவைப்பட்டால் ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் ஒமேகா-3, ஃபைப்ரேட் மாத்திரை. கணையம் பாதித்தால் ஐ.சி.யு.வில் இன்சுலின், சிலருக்குப் பிளாஸ்மா மாற்றுதல் வரை போகும். உங்கள் அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது கணைய வீக்கம் வந்ததுண்டா என்று கேட்டு வையுங்கள். உங்கள் 262-க்கு இதில் எதுவும் தேவையில்லை.

இனிமேல் எந்த நேரத்திலும் ஓடிப் போக வேண்டிய அறிகுறிகள்: நிற்காத வாந்தி, வலது மேல்வயிற்று வலி, கண் மஞ்சள், அடங்காத தாகம், தலைவலியோடு பார்வை மங்குதல், பிரஷர் 140/90-க்கு மேல். உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் கடுமையாக அரித்தால், கல்லீரலில் பித்தம் தேங்குகிறதா என்று பார்க்கும் பித்த அமிலப் பரிசோதனை வேண்டும். ஏழாம் எட்டாம் மாதத்தில் கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கும் வைத்தியரிடம் போய் நாளைக் கடத்துவதுதான் நம் ஊரில் மிகப் பெரிய ஆபத்து. அந்தக் காமாலை தண்ணீரில் பரவும் ஹெபடைடிஸ் 'இ'யாக இருக்கலாம், வீடியோவில் பார்த்த அந்த அரிய நோயாகவும் இருக்கலாம். அந்த நோய்க்கு உடனடிப் பிரசவமே சிகிச்சை. ரத்த வங்கியும் ஐ.சி.யு.வும் உள்ள மருத்துவமனைக்கு நேரே போங்கள்.

குழந்தை பிறந்த பிறகு, தாய்ப்பால் கொடுக்கக் கொடுக்க ட்ரைகிளிசரைடு இறங்கும். மூன்று மாதம் கழித்து ஒருமுறை கொலஸ்ட்ரால், எஸ்.ஜி.பி.டி. எடுங்கள், கல்லீரல் ஸ்கேன் ஆறு மாதத்துக்குப் பிறகு போதும். அப்போதும் ட்ரைகிளிசரைடு அதிகமாக இருந்தால், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை யாராவது எழுதும் முன் அந்த எண்ணைச் சொல்லிவிடுங்கள். அது கொழுப்பை மேலும் ஏற்றும். காப்பர்-டியில் அந்தத் தொல்லை கிடையாது.